போட் மெயிலில் எவ்வளவு அழுக்கு வேணும்?

மொடல் ரயில் கட்டுகிறவர்களிடம் ஒரு விசித்திரமான பழக்கம் இருக்கு. மாதக்கணக்காக மினக்கெட்டு ஒரு ரயில் பெட்டியைச் செய்வார்கள். ஜன்னல் சட்டம், கதவுக் கைப்பிடி, கூரையில் இருக்கும் ஆணித்தலை வரைக்கும் சரியாக வரும். மேலே பளபளவென்று பெயின்ற் அடிப்பார்கள். பிறகு அதே பெட்டியைத் தாங்களே அழுக்காக்குவார்கள். சக்கரத்துக்குப் பக்கத்தில் துரு, கூரையில் கரி, படியில் தேய்மானம், ஜன்னலுக்குக் கீழே மழைத்தண்ணி வடிந்த கோடு. இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'வெதரிங்'. நாங்கள் பழசாக்கல் என்று சொல்லிக்கொள்ளலாம்.

காரணம் எளிமையானது. புதுசாக மின்னும் மொடல் எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் விளையாட்டுச் சாமான் மாதிரித்தான் தெரியும். அழுக்குப் பட்டதும் அது எங்கேயோ ஓடி வந்த ரயில் ஆகிவிடும். எங்கேயோ ஓடி வந்தது என்றால், எங்கே? எத்தனை வருசமாக? என்ன ஏற்றி? பழசாக்கத் தொடங்கிய ஆள் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் தூரிகையைக் கையில் எடுக்க முடியாது. ஒரு சொட்டுத் துருகூட ஒரு வருசத்தையும் ஒரு ஊரையும் சேர்ந்தது.

இந்தக் கட்டுரை மன்னார்ப் பாதையைப் பற்றியது. மதவாச்சியிலிருந்து தலைமன்னார் பியர் வரைக்கும் போகும் அந்த ரயில் பாதையை, கடலுக்கு அந்தப் பக்கத் தனுஷ்கோடியோடு சேர்த்து, மேசை மேல் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். அதில் எந்த அழுக்கை எங்கே பூசுவது? இதைக் கேட்டுக்கொண்டே போனால், நாங்கள் வழக்கமாகக் கதைக்கும் 'அந்தக் காலத்துப் போட் மெயில்' கதை கொஞ்சம் கொஞ்சமாக மாறிவிடும்.

வேறு ஊர்களில்

பழசாக்கலைப் பெரிய அளவில் பிரபலமாக்கியவர்களில் ஒருவர் அமெரிக்காவின் ஜோன் அலன். கலிபோர்னியாவில் மொன்ரே என்ற ஊரில், தன் வீட்டுக்குள்ளேயே ஒரு கற்பனை ரயில் பாதையைக் கட்டினார். தொழில்முறைப் புகைப்படக்காரர் என்பதால் வெளிச்சமும் நிழலும் தூசியும் அவருக்கு நல்லாகத் தெரியும். அவருடைய எஞ்சின்கள் புகை படிந்து, கட்டடங்கள் சாய்ந்து, பலகைகள் வெளுத்துப்போய் இருக்கும். 1973 ஜனவரியில் அவர் இறந்தார். சில நாட்களிலேயே வீட்டில் தீப்பிடித்து அந்தப் பாதையின் பெரும்பகுதி எரிந்துபோனது. இன்றைக்கு அதைப் படங்களில்தான் பார்க்கலாம்.

எங்களுக்கு இன்னும் நெருக்கமான கதை இங்கிலாந்தின் பென்டன் அருங்காட்சியகம். ரோய் இங்லண்ட் என்பவர் 1925இல் அவுஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்தார். ரயிலில் ஆசை கொண்டிருந்தவர், சுற்றியிருந்த கிராமங்கள் கண்முன்னே மாறிக்கொண்டிருப்பதைக் கண்டார். வைக்கோல் கூரை வீடுகள் இடிபட்டன, பழைய கொட்டகைகள் காணாமல் போயின. அவர் வீடு வீடாக அளந்து, அதே நிறத்தில், அதே சாய்வில் சிறிய அளவில் செய்யத் தொடங்கினார். 1954இல் அது ஒரு அருங்காட்சியகமாகவே ஆனது. 1920கள், 30களில் ஒரு பள்ளத்தாக்கு எப்படி இருந்தது என்பதை இன்றைக்கும் அங்கே ரயிலோடு சேர்த்துப் பார்க்கலாம். அழியப் போகிற ஊரைப் பதிவு செய்யும் வேலையாக அவர் மொடலைப் பார்த்தார்.

இந்தியாவில் புனே நகரத்தில் ஜோஷி சிறு ரயில் அருங்காட்சியகம் 1998இலிருந்து இருக்கு. இலங்கையில் கடுகண்ணாவையில் 2014 டிசம்பரில் தேசிய ரயில் அருங்காட்சியகம் திறந்தார்கள். அங்கே இருப்பவை உண்மையான எஞ்சின்கள். ஆனால் அருங்காட்சியகத்துக்கு வந்த எஞ்சினைத் துடைத்துப் பெயின்ற் அடித்துத்தான் நிறுத்துவார்கள். எஞ்சினின் உருவத்தை அங்கே படிக்கலாம். ஓடித்திரிந்த காலத்து அழுக்கைப் படிக்க வேறு இடம் தேட வேணும்.

முதலில் அளவு

மொடல் உலகத்தில் அதிகம் புழங்கும் அளவு 1:87. எச்ஓ என்பார்கள். மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்குச் சுமார் 106 கிலோமீட்டர். 87ஆல் வகுத்தால் 1,218 மீட்டர் வருது. ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமான மேசை யாரிடமும் இல்லை. அதனால் ஒரு ஸ்டேஷனையோ ஒரு வளைவையோ தெரிவு செய்ய வேணும். தலைமன்னார் பியரைத் தெரிவு செய்தால் இன்னொரு கணக்கு வரும். அங்கிருந்து தனுஷ்கோடி இறங்குதுறைக்குக் கப்பல் ஓடிய தூரம் சுமார் 35 கிலோமீட்டர். 1:87 அளவில் அது 400 மீட்டர். உங்கள் வீட்டில் தலைமன்னார் இருந்தால், நாலைந்து ஒழுங்கை தள்ளி ஒரு கூட்டாளியின் வீட்டில் தனுஷ்கோடி இருக்கலாம்.

அடுத்தது தண்டவாள அகலம். இலங்கையில் பிரிட்டிஷார் போட்ட பிரதான பாதைகள் 1,676 மில்லிமீட்டர் அகலம். கடலுக்கு அந்தப் பக்கம் தென்னிந்திய ரயில்வே போட்ட பாதையோ 1,000 மில்லிமீட்டர், அதாவது மீட்டர் கேஜ். 1:87இல் இலங்கைத் தண்டவாளத்துக்கு 19.3 மில்லிமீட்டர் வேணும். தனுஷ்கோடித் தண்டவாளத்துக்கு 11.5 போதும். கடைகளில் கிடைக்கும் எச்ஓ தண்டவாளம் 16.5. அது ஐரோப்பா, அமெரிக்காவின் 1,435 மில்லிமீட்டர் பாதைக்கானது. எங்களுடைய இரண்டு கரைக்கும் பொருந்தாது. சரியாகச் செய்ய வேணும் என்றால் தண்டவாளத்தைக் கையால்தான் போட வேணும்.

இந்த அகல வித்தியாசத்துக்குள் ஒரு கசப்பான வேடிக்கை இருக்கு. 1914 பெப்ரவரி 24இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் ஓடத் தொடங்கியபோது இரண்டு பக்கமும் வேறு வேறு அகலம். 93 வருசம் கழித்து, 2007இல், ராமேஸ்வரம் பாதையை இந்தியா அகலப் பாதையாக மாற்றியது. அதே 1,676. கடலின் இரண்டு கரையும் முதல் தடவையாக ஒரே அளவுக்கு வந்த அந்த வருசம், இந்தக் கரையில் தண்டவாளமே இல்லை. நடுவில் கப்பலும் இல்லை.

தூசிக்கு ஊர் உண்டு

பழசாக்கலில் தொடக்கக்காரர் வழக்கமாகச் செய்யும் வேலை, எல்லாவற்றுக்கும் ஒரே மண்ணிற வாஷ் அடிப்பது. தண்ணியாகக் கரைத்த பெயின்ற்றை மேலே ஓடவிட்டால் அது இடுக்குகளில் தங்கி அழுக்கு மாதிரித் தெரியும். ஆனால் மன்னார்ப் பாதையில் தூசி ஒரே நிறமில்லை.

மதவாச்சிப் பக்கம் வறண்ட காட்டின் செம்மண். செட்டிகுளம், மடு ரோட் தாண்டும் வரைக்கும் பெட்டியின் கீழ்ப்பாகத்தில் அந்தச் சிவப்புத்தான் ஏறும். முருங்கனுக்கு வந்தால் மண் மாறிவிடும். கட்டுக்கரைக்குளத்துத் தண்ணி பாயும் வயல்நிலம்; கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் கறுத்தக் களி. அதைத் தாண்டி மாதோட்டம், திருக்கேதீஸ்வரம் என்று கடலேரியை நெருங்கும்போது நிலம் சாம்பல் நிறமாகி உப்புப் பூத்துவிடும். பாலம் கடந்து மன்னார்த் தீவுக்குள் வந்தால் தோட்டவெளி, பேசாலை, தலைமன்னார் முழுக்க மணல். பனை, முள்ளுமரம், கருவாட்டு மணம், தன்பாட்டில் திரியும் கழுதைகள்.

ஆகவே தலைமன்னாரில் நிற்கும் ஒரு பெட்டியைச் செய்கிறவர் அடியில் செம்மண், அதன் மேல் கறுப்பு, கடைசியாக ஒரு மெல்லிய வெள்ளை என்று மூன்று அடுக்குப் பூச வேணும். அந்தப் பெட்டியைப் பார்க்கிற ஆள் அது வந்த பாதையை வாசிக்கலாம். இதற்கு விலை கூடின பவுடர் தேவையில்லை. பள்ளிக்கூடத்து வண்ணச் சோக்கைச் சுரண்டி மென்மையான தூரிகையால் தடவினால் காணும்.

மரமும் அப்படித்தான். பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தின் சுற்றளவு சுமார் 19.5 மீட்டர். அரபு வணிகர்கள் கொண்டுவந்து நட்டது என்று சொல்வார்கள். 1:87இல் அதன் அடிமரத்தின் சுற்றளவு 22 சென்ரிமீட்டர் வரும். ஒரு தேத்தண்ணிக் கோப்பையின் அளவு. கடையில் விற்கும் ஐரோப்பிய மொடல் மரம் எதுவும் இதற்குக் கிட்ட வராது.

உப்பின் வேலை

மொடல்காரர்களிடம் துரு காட்ட ஒரு அருமையான முறை இருக்கு. முதலில் இரும்பு முழுவதற்கும் துரு நிறம் அடிப்பார்கள். காய்ந்ததும் தண்ணி தொட்டு, துரு தெரிய வேண்டிய இடங்களில் உப்பைத் தூவுவார்கள். அதன் மேல் பெட்டியின் உண்மையான நிறத்தை அடிப்பார்கள். அதுவும் காய்ந்த பிறகு ஈரத் தூரிகையால் உப்பைத் தட்டிவிட்டால், உப்பு ஒட்டியிருந்த இடங்களில் பெயின்ற் பெயர்ந்து உள்ளே இருக்கும் துரு எட்டிப் பார்க்கும். கையால் கீறினால் வராத ஒழுங்கில்லாத ஓரம் இதில் வரும். மன்னார் உப்பளத்து உப்பே இதற்குப் போதும்.

உண்மையான மன்னாரிலும் வேலை செய்தது உப்புத்தான். கடற்காற்று கொண்டுவரும் உப்பு பெயின்ற்றின் சின்ன வெடிப்புக்குள் புகுந்து, காற்றின் ஈரத்தை இழுத்து வைத்து, இரும்பைத் தின்னும். பாம்பன் பாலம் இதற்குச் சாட்சி. மண்டபத்தில் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் உலோகத் துருவை ஆராய ஒரு நிலையமே வைத்திருப்பது சும்மா இல்லை. 1914இல் கட்டிய பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. பக்கத்தில் புதுப் பாலம் கட்டி 2025 ஏப்ரலில்தான் திறந்தார்கள்.

தலைமன்னாரின் பழைய பியரின் மிச்சங்களும் அப்படித்தான் கடலுக்குள் நிற்கின்றன. ஒரு கடற்பாலத்தின் இரும்புக் காலைச் செய்கிறவர் அதை மேலிருந்து கீழ் வரை ஒரே செம்மஞ்சளாகப் பூசினால் பிழை. எப்போதும் தண்ணிக்குள் இருக்கும் பாகத்தில் சிப்பியும் பாசியும். தண்ணிக்குச் சற்று மேலே, அலை அடித்து அடித்துக் காயும் பட்டைதான் மிக மோசமாக அரிக்கும்; அங்கே துரு தடித்து, கறுத்து, தகடு தகடாகக் கழரும். அதற்கும் மேலே வெளிறிய செம்மஞ்சள், அதில் கடற்பறவைகளின் எச்சம். இவ்வளவும் சேர்ந்தால்தான் கடல் நூறு வருசமாக அங்கே என்ன செய்தது என்று விளங்கும்.

கை பட்ட இடம்

இதுவரை சொன்னது வானமும் கடலும் செய்த பழசு. ரயிலில் மனிதர் செய்த பழசும் இருக்கு. கதவுக் கைப்பிடியில் பெயின்ற் போய் இரும்பு மினுங்கும். படிக்கட்டின் நடு தேய்ந்து குழியும். பலகை ஆசனத்தின் ஓரம் வழவழப்பாகும். அதிகம் பேர் ஏறி இறங்கிய இடம்தான் அதிகம் தேயும்.

போட் மெயில் என்றதும் நாங்கள் கேட்டு வளர்ந்த கதை வேறு மாதிரி. சென்னை எழும்பூரில் ஒரே ரிக்கற் வாங்கினால் கொழும்பு வரை வரலாம்; இரவு ரயிலேறி, பகலில் கப்பலேறி, அடுத்த நாள் காலையில் கோட்டை. ஓடிய கப்பல்களின் பெயர்கள்கூட கேர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச், இர்வின் என்று வைஸ்ராய்மார்தான். அந்தக் கதையில் சாப்பாட்டு மேசையும் வெள்ளை விரிப்பும் வரும். ஆசையாகக் கட்டுகிற ஆள் முதலாம் வகுப்புப் பெட்டியைப் பளபளவென்று செய்துவிட்டு முடித்துவிடுவார்.

ஆனால் அந்தப் பாதையின் படிகளை அதிகம் தேய்த்தவர்கள் அவர்கள் இல்லை. தேயிலை, இறப்பர்த் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்கள்தான். ரயில் வருவதற்கு முந்திய காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். கொலராவிலும் காய்ச்சலிலும் அந்த வழியில் விழுந்தவர்கள் ஏராளம். 1914க்குப் பிறகு நடை ரயிலாக மாறியது. அதற்கு முதல் மண்டபம் முகாமில் நாட்கணக்காக நிறுத்திவைத்து, ஊசி போட்டு, நோய் இல்லை என்று பார்த்துத்தான் கப்பலேற்றுவார்கள். மேல்வகுப்புப் பயணியின் சூட்கேசும் இவர்களுடைய மூட்டை முடிச்சும் ஒரே பியரில்தான் இறங்கின. மொடலில் மூட்டை இல்லாவிட்டால் அது 1914க்கும் 1940க்கும் இடைப்பட்ட எந்த வருசமும் இல்லை.

1964

ஒரு வருசத்தைத் தெரிவு செய்யச் சொன்னால் பலர் 1964 என்பார்கள். அந்த வருசம் இலங்கைப் பாதைகளில் நீராவி எஞ்சினும் ஓடியது. கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954இலிருந்து கனடா கொடுத்த, கனடிய மாகாணங்களின் பெயர் எழுதிய டீசல் எஞ்சினும் ஓடியது. மொடல்காரருக்கு இரண்டையும் ஒரே மேசையில் வைக்கும் வசதி. கூரையில் கரியும் பூசலாம், டீசல் புகையும் பூசலாம்.

அந்த வருசத்தின் கடைசி இரண்டு மாதங்களில் இந்தப் பாதையின் விதி மாறியது. ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுக்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று இரண்டு அரசுகளும் ஆட்களைப் பங்கிட்டன. டிசம்பர் 22 இரவு பெரும்புயல் வந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோனது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தனுஷ்கோடி என்ற ஊர் ஒரே இரவில் இடிந்த சுவராக நின்றது.

அதற்குப் பிறகு கப்பல் ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையில் ஓடியது. இராமானுஜம் என்ற கப்பல். ஒப்பந்தப்படி அனுப்பப்பட்டவர்கள் அதில்தான் போனார்கள். மலையகத்தில் ரயிலுக்குக் கோச்சி என்று பெயர். தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போன ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் விழுந்தது. நாலு தலைமுறை இருந்த லயத்தைப் பூட்டிவிட்டு, பிறந்த மண்ணிலிருந்து பார்த்தறியாத 'சொந்த ஊருக்கு' போகிறவர்களும் வழியனுப்ப வந்தவர்களும் ஸ்டேஷனில் கட்டிப்பிடித்து அழுத அழுகையால் வந்த பெயர் அது. வந்தவர்களின் கை தேய்த்த அதே கைப்பிடியைப் பேரப்பிள்ளைகளின் கை திரும்பவும் தேய்த்தது. 1970களின் தலைமன்னாரைச் செய்கிறவர் கப்பலை மட்டும் சரியாகச் செய்தால் போதாது. பிளாட்ஃபோமில் எவர்சில்வர்ப் பானையும் தகரப் பெட்டியும் வைக்க வேணும்.

துருப்பிடிக்காத வருசங்கள்

1980களில் போர் தொடங்கியதும் கப்பல் நின்றது. 1990 ஜூனில் சண்டை மறுபடி வெடித்தபோது ரயிலும் நின்றது. இதற்குப் பிறகுதான் பழசாக்கும் கலைக்குப் பதில் இல்லாத ஒரு காலம் வருது.

கைவிடப்பட்ட ரயில் பாதையை எப்படிச் செய்வது என்று மொடல் புத்தகங்களில் நிறைய இருக்கும். தண்டவாளத்துக்குக் கடும் துரு, சிலிப்பர் கட்டைக்கு வெளிறிய சாம்பல், நடுவில் புல், ஒரு மூலையில் துருப்பிடித்த பெட்டி. ஐரோப்பாவில் கைவிட்ட பாதை அப்படித்தான் மெதுவாகச் செத்தது. மன்னார்ப் பாதை அப்படிச் சாகவில்லை. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் கழற்றப்பட்டுப் பங்கர்களுக்குப் போயின. இரும்பு கூரையைத் தாங்கியது, கட்டை மண்ணைத் தாங்கியது. தீவைப் பெருநிலத்தோடு சேர்த்த ரயில் பாலமும் சிதைந்தது. துருப்பிடிக்கவும் இரும்பு மிஞ்சவில்லை.

எனவே 1995ஐச் செய்ய விரும்பும் ஆளுக்குத் தேவையான பொருள் மிகக் குறைவு. ஒரு நீள மண்மேடு. அதில் முள்ளுப்பற்றை. ரயில் வராத ஒரு ஸ்டேஷன். ரயில் ஓடாத ரயில் மொடல். யாருக்கும் காட்டினால் "இதில எங்க ரயில்?" என்று கேட்பார்கள். கேட்கத்தான் வேணும். அந்த வருசங்களில் இங்கே பிறந்த பிள்ளைகள், ரயிலைக் கண்ணால் காணாமலே உயர்தரப் பரீட்சை எழுதும் வயதுக்கு வந்தார்கள்.

அந்த மண்மேட்டைச் சுற்றி ஊரையும் செய்ய வேணும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு மாகாணத்திலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். மொத்தம் சுமார் 75,000 பேர் என்று மதிப்பிடப்படுகிறது. மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி, தாராபுரம் போன்ற ஊர்கள் ஆளில்லாமல் ஆகின. பெரும்பாலானவர்கள் புத்தளம் பக்கம் போய் இருபது வருசம் முகாம் வாழ்க்கை வாழ்ந்தார்கள். மன்னாரைச் சிறிய அளவில் கட்டுகிறவர் பள்ளிவாசலையும் தேவாலயத்தையும் கோவிலையும் பக்கத்தில் பக்கத்தில் அழகாக வைத்து 'எல்லோரும் ஒன்றாக இருந்த ஊர்' என்று காட்டலாம். 1989 என்றால் சரி. 1991 என்றால் அந்த வீடுகளின் கதவு திறந்து கிடக்க வேணும். ஊர் முழுவதும் ஒரே மாதிரிப் பழசாகவில்லை. சில வீடுகள் ஒரே நாளில் வெறும் சுவராகின.

இன்னொரு ஓட்டமும் இருந்தது. கப்பல் நின்ற அதே கடலில், இரவில், சின்னப் படகுகளில் ஆயிரக்கணக்கானவர்கள் அகதிகளாகத் தமிழ்நாட்டுக்குப் போனார்கள். இறங்கியவர்களை எங்கே வைத்தார்கள்? மண்டபம் முகாமில். தோட்டத்துக்கு வந்தவர்களுக்கு ஊசி போட்ட அதே மண்டபம். 2022இல் சாமான் விலை ஏறி, பால்மாவும் எண்ணெயும் இல்லாமல் போனபோது மன்னாரிலிருந்து மறுபடி சில குடும்பங்கள் படகேறி, ராமர் பால மணல் திட்டுகளில் இறங்கின. அவர்களும் மண்டபத்துக்குத்தான் போனார்கள்.

புது இரும்பு

போர் முடிந்த பிறகு இந்தியாவின் கடனுதவியோடு இர்கொன் நிறுவனம் பாதையைத் திரும்பக் கட்டியது. மதவாச்சியிலிருந்து மடு ரோட் வரை 43 கிலோமீட்டர், 2013 மே மாதம். மடுவிலிருந்து தலைமன்னார் பியர் வரை 63 கிலோமீட்டர், 2015 மார்ச் 14. அன்றைக்கு மோடி வந்து ரயிலை அனுப்பிவைத்தார். சிலிப்பர் கட்டை என்று சொல்வது இப்போது பழக்கத்தில் மட்டும்தான், அது கொங்கிறீற். தண்டவாளம் புதுசு, ஸ்டேஷன் புதுசு, பெயர்ப்பலகை புதுசு. 2015ஐச் செய்கிறவருக்குப் பழசாக்க வேண்டிய வேலையே இல்லை. மேசையில் அது பொம்மை மாதிரித்தான் தெரியும். உண்மையிலும் திறந்த புதிதில் அப்படித்தான் இருந்திருக்கும்.

அந்தப் பக்கம் எழும்பூரிலிருந்து ராமேஸ்வரத்துக்குப் போகும் ரயிலை ஆட்கள் இன்னும் போட் மெயில் என்றுதான் சொல்கிறார்கள். இந்தப் பக்கத்துக் கடைசி ஸ்டேஷனின் பெயரில் இன்னும் பியர் இருக்கு. நடுவில் கப்பல் இல்லை. 2023 ஒக்டோபரில் நாகபட்டினம்–காங்கேசன்துறை கப்பல் தொடங்கியது; தலைமன்னார்–ராமேஸ்வரம் பற்றி அரசியல்வாதிகள் அடிக்கடி கதைக்கிறார்கள், அவ்வளவுதான். தீவின் தென்கரையில் 2020 முடிவிலிருந்து 30 காற்றாலைகள் சுழல்கின்றன. இன்றைய மன்னாரைக் கட்டினால் பெருக்கமரத்தைவிட, வெளிச்சவீட்டைவிட, முதலில் கண்ணில் படுவது அவைதான்.

இப்போது தலைப்பில் கேட்ட கேள்விக்கு வரலாம். எவ்வளவு அழுக்கு வேணும்? வருசத்தைச் சொல்லுங்கோ, அழுக்கைச் சொல்லலாம். 1914க்குப் புதுப் பெயின்ற்றும் மூட்டைகளும். 1970களுக்குத் தேய்ந்த கைப்பிடி. 1995க்கு மண்மேடு மட்டும். இதில் எதையும் கலந்து 'பழைய காலம்' என்று பொதுவாக ஒன்றைச் செய்தால், அது பார்க்க வடிவாக இருக்கும், மன்னாராக இருக்காது. எங்களுடைய சனம் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி இறங்கிய பாதையை ஒரே நிற வாஷில் ஓடவிட்டு மூடிய மாதிரி ஆகிவிடும்.

ஜோன் அலன் விட்டுச்சென்றது படங்களைத்தான். ரோய் இங்லண்ட் வீடு இடியும் முதல் அளவெடுத்தார். எங்களிடம் பழைய மன்னார்ப் பாதையின் நிறப்படங்கள் மிகக் குறைவு. குடும்ப அல்பங்களில் பியரில் நின்று எடுத்த ஒரு படம், கறுப்பு வெள்ளையில், யாரிடமாவது இருக்கக்கூடும். பார்த்தால் முகங்களை மட்டும் பார்க்காமல் பின்னால் நிற்கும் பெட்டியையும் பாருங்கோ. எந்த வருசம் என்று கேட்டுப் பின்பக்கத்தில் எழுதி வையுங்கோ. அது என்ன நிறம் என்று நினைவிருக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இப்போது இருக்கும் பாதைக்கும் அதே வேலை இருக்கு. 2015இல் போட்ட தண்டவாளத்தில் உப்பு ஏறத் தொடங்கிப் பத்து வருசம் தாண்டிவிட்டது. தலைமன்னார்ப் பக்கம் போகிறவர்கள் கடலோடு செல்ஃபி எடுத்த பிறகு ஒரு நிமிசம் குனிந்து, தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கிளிப்பை ஒரு படம் எடுக்கலாம். பக்கத்தில் ஒரு அஞ்சு ரூபாய்க் குற்றியை வைத்தால் அளவும் தெரியும். மறக்காமல் திகதி போட வேணும். முப்பது வருசம் கழித்து மேசையில் இந்த மன்னாரைக் கட்டப்போகும் ஒரு பிள்ளைக்கு, 2020களின் துரு எந்த நிறம் என்று சொல்ல அது ஒன்று போதும்.